அச்சில் வார்த்த ஒளி: இல்லத்தில் மெழுகுவர்த்தி செய்தல் – ஓர் ஆய்வு

முன்னுரை

காங்கேயம் என்றவுடன் திமில் நிமிர்ந்த காளையும், கொப்பரை காயும் களங்களும், அரிசி ஆலைகளும், சிவன்மலையும் நம் நினைவிற்கு வருகின்றன. 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் அமைக்கப்படும்வரை ஈரோடு மாவட்டத்தோடு இணைந்திருந்த இவ்வூர், தொழிலால் என்றும் திருப்பூரோடு பின்னிப் பிணைந்ததேயாகும். சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பகலும் இரவும் விசைத்தறியின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அவ்வோசை நின்றுவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது என்று பொருள்.

2012-ஆம் ஆண்டில் அவ்வோசை நாள்தோறும் பல மணி நேரம் நின்றிருந்தது. தமிழகத்தில் சென்னை நீங்கலான பிற மாவட்டங்கள் நீண்ட மின்வெட்டால் அல்லலுற்ற ஆண்டு அது. தறிகள் உறங்கின, மாணவர்கள் மெழுகுவர்த்தி ஒளியில் தேர்வுக்குப் படித்தனர். மளிகைக் கடைகளில் மெழுகுவர்த்திக் கட்டுகள் வந்த வேகத்தில் தீர்ந்தன. அக்காலத்தில்தான் நம் குடும்பத்திற்கு அறிமுகமான காங்கேயத்துப் பெண்மணி ஒருவர், மகளிர் சுயஉதவிக் குழுவைச் சார்ந்தவர், ஒரு விளம்பரத்தைக் கண்டார். இயந்திரத்தையும் மெழுகையும் தம்மிடம் வாங்கினால், செய்து தரும் மெழுகுவர்த்திகள் அனைத்தையும் தாமே விலைக்குப் பெற்றுக்கொள்வதாக அவ்விளம்பரம் உறுதி கூறியது. நகையை அடகு வைத்து அவர் இயந்திரம் வாங்கினார். முதல் சரக்கை அவர்கள் பெற்றுக்கொண்டனர். இரண்டாம் சரக்கைத் தரமில்லை என்று திருப்பி அனுப்பினர். மூன்றாம் சரக்கின்போது தொலைபேசியை எடுப்பாரே இல்லை.

“எல்லாத்தையும் அவிங்களே எடுத்துக்கறோம்னு சொன்னாங்க. இப்ப போனே எடுக்கறதில்லீங்க. ஏனுங்க வாத்தியாரே, இதுல என்னங்க தரமில்ல?” என்று ஒரு பை நிறைய மெழுகுவர்த்திகளை நம்முன் கொட்டினார் அவர். தமிழாசிரியராகிய நமக்கு விடை தெரியவில்லை. வேதியியல் துறை நண்பர் ஒருவரின் துணையோடு அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை. தமிழ்த் துறை மலரில் மெழுகுவர்த்திக்கு என்ன வேலை என்று வினவுவோர் உளராயின், உருக்குதல், வார்த்தல், அச்சு, திரி ஆகிய இத்தொழிற்சொற்கள் யாவும் நம் மொழியின் உடைமைகளே என்பதை அவர்கட்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

சொல்லும் பொருளும்

மெழுகு என்னும் பெயர்ச்சொல் மெழுகுதல் என்னும் வினையோடு தொடர்புடையது. தரையைச் சாணத்தால் மெழுகுகிறோம். பூசிப் படிய வைத்தல் என்பது அதன் பொருள். தேனடையிலிருந்து கிடைப்பதைத் தேன்மெழுகு என்கிறோம். வர்த்தி என்பது திரியைக் குறிக்கும் வடசொல். பேச்சு வழக்கில் அது வத்தி ஆயிற்று. ஊதுவத்தி என்பதிலும் அதுவே உள்ளது. இலங்கைத் தமிழரும் நம் அண்டையிலுள்ள மலையாளிகளும் மெழுகுதிரி என்று வழங்குவர்.

உருகுதல் தன்வினை, உருக்குதல் பிறவினை. உருக்கி எடுத்த இரும்பிற்கு உருக்கு என்றே பெயர் அமைந்தது. வார்த்தல் என்னும் வினை தோசைக்கல் முதல் வார்ப்பிரும்பு ஆலைவரை ஆட்சி செய்கிறது. அச்சு என்பதைக் கொங்கு நாட்டாருக்கு விளக்கவேண்டியதில்லை. அச்சுவெல்லம் அறியாத வீடு இங்கு ஏது? சூடான பாகினைக் குழியில் வார்த்து, ஆறியபின் தட்டி எடுக்கும் அத்தொழிலின் உடன்பிறப்பே மெழுகுவர்த்தித் தொழில்.

மெழுகும் அச்சும் தமிழர்க்குப் புதியன அல்ல. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அக்குழியில் உலோகத்தை வார்த்துச் செய்யப்பட்டவை. சுவாமிமலைச் சிற்பிகள் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து இன்றும் அம்முறையைப் போற்றி வருகின்றனர். ஆங்கே மெழுகு உருகி மறைவது; ஈங்கே மெழுகு உறைந்து நிலைப்பது. வேறுபாடு அவ்வளவே.

பிரெஞ்சு மொழியில் மெழுகுவர்த்தியைக் குறிக்கும் பூஜி என்னும் சொல்லின் பிறப்பு சுவையானது. அல்ஜீரியாவின் கடற்கரையில் உள்ள பிஜாயா என்னும் துறைமுக நகரிலிருந்து உயர்தரத் தேன்மெழுகு ஐரோப்பாவிற்கு ஏற்றுமதியாயிற்று. ஊரின் பெயரே பொருளுக்குப் பெயராயிற்று. இத்தாலியக் கணிதர் ஃபிபோனாச்சி இளமையில் இந்திய எண்முறையைக் கற்றதும் அந்நகரிலேதான். அதனை அவர் 1202-ஆம் ஆண்டில் எழுதிய கணித நூலில் தாமே குறிப்பிடுகிறார்.

வரலாற்றுச் சுருக்கம்

மெழுகுவர்த்தி இருளை நீக்கியதோடு அமையாமல் அறிவுக்கும் துணை நின்றது. பசராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம் (965 – ஏறத்தாழ 1040), இருட்டறையின் சிறு துளைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். அறைக்குள் அத்தனை ஒளிப்பொட்டுகளும் தனித்தனியே தோன்றின. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. ஒளிக்கதிர்கள் ஒரே துளையின் வழியே சென்றாலும் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்பதை இவ்வாறு நிறுவினார். 1206-ஆம் ஆண்டில் தம் பொறியியல் நூலை நிறைவு செய்த அல்ஜஸரி, மெழுகுவர்த்தி எரிந்து குறையும் அளவைக்கொண்டு நேரம் காட்டும் கடிகாரங்களை அந்நூலில் படங்களோடு விளக்கியுள்ளார்.

எனினும் நெடுங்காலம் நல்ல மெழுகுவர்த்தி செல்வர்க்கே உரியதாயிருந்தது. ஐரோப்பிய ஏழைகளின் வீட்டில் எரிந்தது விலங்குக் கொழுப்பில் தோய்த்த திரி. அது புகைந்தது, நாறியது, கோடையில் வளைந்தது. இந்நிலையை மாற்றியவர் பிரெஞ்சு வேதியியலறிஞர் செவ்ரோல். கொழுப்பைக் காரத்தோடு சேர்த்துச் சவர்க்காரமாக்கி, பின் அமிலம் சேர்த்துப் பிரித்தால், கடினமான ஸ்டியரிக் அமிலமும் நீர்மமான ஒலியிக் அமிலமும் கிடைக்கும் என்று கண்டார். கொழுப்புகள் பற்றிய அவரது நூல் 1823-இல் வெளிவந்தது. 1825-இல் பிரெஞ்சு நாட்டவரான கம்பசேரே பின்னல் திரியை அறிமுகம் செய்தார். 1834-இல் இங்கிலாந்தில் ஜோசப் மார்கன் அச்சிலிருந்து மெழுகுவர்த்திகளைத் தொடர்ந்து வெளித்தள்ளும் இயந்திரத்தை அமைத்தார். 1850-இல் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பாரஃபின் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்நால்வரின் உழைப்பும் கூடியபோதுதான் ஏழை வீட்டிலும் தூய ஒளி நின்றது.

இந்தியாவில் 1901-இல் தொடங்கப்பெற்ற அஸ்ஸாமின் திக்பாய் சுத்திகரிப்பு ஆலை மெழுகிற்குப் பெயர் பெற்றது. தமிழகத்தில் மணலியில் 1969-இல் இயங்கத் தொடங்கிய சென்னைச் சுத்திகரிப்பு ஆலையின் விளைபொருள்களுள்ளும் பாரஃபின் மெழுகு ஒன்று. மெழுகுவர்த்தித் தொழில் நெடுங்காலம் சிறுதொழில்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. ஊறுகாய், தீப்பெட்டி, ஊதுவத்தி முதலிய பொருள்களோடு, எஞ்சியிருந்த இருபதனுள் ஒன்றாக, 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடுவண் அரசு அவ்வொதுக்கீட்டை நீக்கியது. இன்று குடிசைத் தொழிலாளியும் பெரும் ஆலையும் ஒரே சந்தையில் நிற்கின்றனர். இவ்வுண்மையை இயந்திரம் விற்போர் சொல்வதில்லை.

சுடரின் அறிவியல்

கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்று, பின்னர் உலகம் போற்றும் அறிவியலறிஞராக உயர்ந்த மைக்கேல் ஃபாரடே, இலண்டன் அரச நிறுவனத்தில் 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது இளையோர்க்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆறுக்கும் பொருள் ஒரு மெழுகுவர்த்தியே. இயற்கை நூலைக் கற்பதற்கு அதனினும் திறந்த வாயில் வேறில்லை என்பது அவர் கொள்கை.

எரிவது திரியன்று, மெழுகு. அதுவும் திண்மமாகவோ நீர்மமாகவோ எரிவதில்லை. சுடரின் வெப்பத்தால் மெழுகு உருகிச் சிறு குளமாகிறது. நுண்புழை ஏற்றத்தால் திரியின் இழைகளினூடே மேலேறுகிறது. மேலே ஆவியாகிறது. ஆவியே எரிகிறது. இதனை வகுப்பறையில் எளிதில் மெய்ப்பிக்கலாம். நன்கு எரியும் மெழுகுவர்த்தியை மெல்ல அணைத்தவுடன் வெண்புகை எழும். அப்புகையினிடத்தே, திரியைத் தொடாமல் சற்று மேலே, எரியும் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் புகைவழியே தாவி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். புகையெனக் கண்டது மெழுகின் ஆவியே.

பாரஃபின் என்பது கரியும் நீரியமும் மட்டுமே கொண்ட நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் கலவை. எடுத்துக்காட்டாக 25 கரி அணுக்களும் 52 நீரிய அணுக்களும் கொண்ட மூலக்கூறு ஒன்று முழுமையாக எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். விளைவது 25 கரியமில வாயு மூலக்கூறுகளும் 26 நீர் மூலக்கூறுகளும். குளிர்ந்த கரண்டியைச் சுடருக்குச் சற்று மேலே நொடிப்பொழுது காட்டினால் படியும் ஈரம் அந்நீரே. கரண்டியைச் சுடரின் மஞ்சள் பகுதிக்குள் நுழைத்தாலோ கரி படியும். அக்கரித் துகள்கள் வெண்சூடேறி ஒளிர்வதே நாம் காணும் மஞ்சள் ஒளி. அவை எரிந்து தீராமல் வெளியேறினால் அது புகை.

ஆகவே நல்ல மெழுகுவர்த்தியின் இலக்கணம் ஒரு சமநிலையில் அடங்கும். திரி உறிஞ்சும் அளவும், மெழுகு உருகும் அளவும், காற்று எரிக்கும் அளவும் ஒத்திருத்தல் வேண்டும். திரி பருத்தால் மெழுகு மிகுதியாக ஏறிப் புகையும். மெலிந்தால் உருகிய மெழுகு தேங்கி வழியும், அன்றிச் சுடரே மூழ்கி அணையும்.

தேவையான பொருள்கள்

மெழுகு: பாரஃபின் மெழுகு பாளங்களாகக் கிடைக்கும். வாங்கும்போது அதன் உருகுநிலையைக் கேட்டறிதல் இன்றியமையாதது. சித்திரை வெயில் 38, 40 டிகிரி செல்சியசைத் தொடும் நம் பகுதிக்கு, 58 முதல் 60 டிகிரியில் உருகும் மெழுகே ஏற்றது. தாழ்ந்த உருகுநிலை கொண்டது மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் ஓட்டுக் கூரையின்கீழ் அடுக்கிய மெழுகுவர்த்திகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

தேங்காய் எண்ணெய்க்குப் பெயர்பெற்ற காங்கேயத்தில் அவ்வெண்ணெயிலேயே மெழுகுவர்த்தி செய்தல் கூடுமா என்று பலரும் கேட்டனர். அதன் உருகுநிலை ஏறத்தாழ 24 டிகிரிதான். மார்கழிக் காலையில் உறையும். பத்து மணிக்கு உருகும். கிண்ணத்தில் விளக்காக எரிக்கலாமேயன்றி நிமிர்ந்து நிற்கச் செய்தல் இயலாது.

ஸ்டியரிக் அமிலம்: மெழுகின் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு சேர்த்தால் மெழுகுவர்த்தி கடினமும் பால்வெண்மையும் பெறும், அச்சிலிருந்து எளிதில் கழலும். இது பனை எண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுகிறது. விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. புலால் நீக்கியோரும், இன்ன விலங்கின் கொழுப்பு ஆகாது என்போரும் நம் வாடிக்கையாளர் ஆவர். எனவே மூலப்பொருள் எதுவென்று விற்பவரிடம் கேட்டு வாங்குதலும், கேட்போர்க்கு மறைக்காமல் கூறுதலும் வணிக நேர்மை.

திரி: இங்குதான் திருப்பூர்ப் பகுதிக்கு ஒரு வாய்ப்பும் ஓர் இடரும் உள. நூல் மலிவு, கழிவு நூல் அதனினும் மலிவு. ஆனால் கழிவு நூலில் பாலியெஸ்டர் கலந்திருக்கும். ஓர் இழையை இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பார்க்கவேண்டும். தூய பருத்தி தாள் எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருங்கிக் கடினமான மணியாகும். அம்மணி திரியின் நுண்புழைகளை அடைத்துவிடும். பருத்தி இழைகளைச் சடைபோல முப்புரியாகப் பின்னி, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி வெங்காரமும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் கரைத்த கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, முற்றும் உலர்த்தி, உருகிய மெழுகில் ஒருமுறை தோய்த்து நேராக இழுத்துக் காயவைக்கவேண்டும். பின்னிய திரி எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்தை எட்டும். ஆங்குக் காற்று மிகுதியாதலால் நுனி தானே எரிந்து தேயும். கம்பசேரேயின் பின்னலுக்கு முன்னர், கரிந்த திரியைக் கத்தரித்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது.

அச்சு: இரு பாதிகளாகத் திறந்து மூடும் அலுமினிய அச்சுகள் பல குழிகளோடு கிடைக்கின்றன. தொடக்கத்தில் சிறிய அச்சொன்றே போதும். இவற்றோடு வெப்பமானி, தராசு, ஒன்றனுள் ஒன்று அமையும் இரு பாத்திரங்கள், மூக்குள்ள வார்ப்புக் குவளை, இறுக்கமான மூடி ஆகியன வேண்டும்.

செய்முறை

முதலாவது, அச்சின் உட்புறத்தைத் துடைத்து, துணியில் தொட்ட சமையல் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவுக. எண்ணெய் மிகுந்தால் மெழுகுவர்த்தியின் மேனியில் புள்ளிகள் விழும். திரியைக் குழியின் நடுவே தொய்வின்றி இழுத்துக் கட்டி அச்சை இறுக்குக. திரி ஒருபுறம் ஒதுங்கினால் அப்புறம் உடைந்து வழியும்.

இரண்டாவது, மெழுகைத் துண்டாக்கி உட்பாத்திரத்தில் இட்டு, வெளிப்பாத்திரத்தில் நீர் ஊற்றி, அந்நீரின் சூட்டிலேயே உருக்குக. நேரடித் தீயில் ஒருபோதும் வைக்கலாகாது. மெழுகு உருகியபின் ஸ்டியரிக் அமிலத்தைச் சேர்த்துக் கலக்குக. வண்ணம் வேண்டின் எண்ணெயில் கரையும் சாயத்தையே சேர்த்தல் வேண்டும். குழந்தைகளின் வண்ண மெழுகுக் குச்சிகளை உருக்கிச் சேர்ப்பவர் உளர். அவற்றிலுள்ள கரையாத நிறத்துகள் திரியை அடைக்கும்.

மூன்றாவது, மெழுகு 75 முதல் 80 டிகிரியை அடைந்ததும், வெதுவெதுப்பாக உள்ள அச்சில் ஓரமாக, விட்டுவிடாமல், மெதுவாக வார்க்க. குளிர்ந்த அச்சில் வார்த்தால் வளையம் வளையமாகத் தழும்பு விழும். வேகமாக வார்த்தால் காற்றுக் குமிழி சிக்கும்.

நான்காவது, ஆறவிடுக. இதுவே பொறுமையைச் சோதிக்கும் கட்டம். பாரஃபின் உறையும்போது அதன் கன அளவு பத்தில் ஒரு பங்கிற்கும் மேலாகச் சுருங்கும். அச்சோரம் முதலில் உறைய, நடுப்பகுதி பின்னர் உறைந்து உள்வாங்கும். அதனால் மேற்புறத்தில் ஆடை படர்ந்தவுடன், திரியை ஒட்டி ஒரு கம்பியால் துளையிட்டு, உள்ளே ஏற்பட்ட வெற்றிடத்தை மறுமுறை வார்த்து நிரப்புக. இரண்டாம் வார்ப்பு முதல் வார்ப்பினும் சற்றே சூடாயிருந்தால் இரண்டும் ஒட்டும். விரைந்து ஆற்றுவதற்காக அச்சைக் குளிர்நீர்த் தொட்டியில் வைப்பதுண்டு. நீர் அச்சின் விளிம்பைத் தாண்டலாகாது. பனிக்கட்டி நீரில் வைத்தால் மெழுகு வெடிக்கும்.

ஐந்தாவது, முழுதும் ஆறியபின் அச்சைத் திறந்து எடுத்து, அடியைச் சமன் செய்து, திரியை ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுக. ஒருநாள் கழித்து, ஒவ்வொரு வார்ப்பிலிருந்தும் ஒன்றைக் கொளுத்தி இறுதிவரை எரித்துப் பார்த்தல் வேண்டும். எரித்துப் பாராமல் விற்பது, உண்டு பாராமல் பரிமாறுவது போன்றது.

குறைகளும் காரணங்களும்

அப்பெண்மணி கொணர்ந்த பையை மீண்டும் காண்போம். அதிலிருந்தவை நான்கு வகைப்பட்டன. சிலவற்றில் திரியை ஒட்டிக் குழி விழுந்திருந்தது; இரண்டாம் வார்ப்பு வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சில புகைந்தன, உடன் வந்த திரி அவ்வச்சிற்கு மிகப் பருத்தது. சில படபடவென்று பொரிந்து அணைந்தன. நீர்த் தொட்டியின் ஈரம் திரியில் ஏறியிருந்தது. எஞ்சியவை கையிலெடுத்தபோதே வளைந்தன. மெழுகின் உருகுநிலை தாழ்ந்திருந்தது. நான்கில் இரண்டு, மெழுகும் திரியும் விற்றவர் செய்த பிழை. இரண்டு, கற்றுக்கொடுக்காததால் நேர்ந்த பிழை. அவர் கையின் குறை என்று எதுவும் இல்லை. இதனைக் கேட்டபோது அவர் முகத்தில் தோன்றிய தெளிவை நாம் மறக்கவில்லை.

அவ்வளவையும் உருக்கி, பழந்திரிகளை வடித்து நீக்கி, ஸ்டியரிக் அமிலம் சேர்த்து, மறுபடி வார்த்தோம். முதல் நாள் வார்த்தவற்றில் பாதி நமக்கும் பிழைத்தது. மூன்றாம் நாள்தான் ஒரு வரிசை முழுதும் நேராக நின்றது. மெழுகில் இதுவொரு நற்பண்பு: பிழையை உருக்கித் திருத்தலாம்.

காப்பு முறைகள்

இப்பகுதியை விரைந்து கடக்கலாகாது. மெழுகு கொதித்துக் காட்டாது. குமிழியோ ஓசையோ இன்றி வெப்பமேறிக்கொண்டே போய், ஏறத்தாழ 200 டிகிரி அளவில் அதன் ஆவி தீப்பற்றும் நிலையை அடைந்துவிடும். நீர்ச்சூட்டில் உருக்கினால் மெழுகு 100 டிகிரியைத் தாண்ட இயலாது. நீர் வற்றிவிட்டால் அக்காவல் போய்விடும். ஆகவே அடுப்பைவிட்டு அகலுதல் கூடாது.

மெழுகு தீப்பற்றினால் நீர் ஊற்றவே கூடாது. மெழுகினும் கனமான நீர் அடியில் சென்று நொடியில் நீராவியாகும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு விரியுமாதலின், எரியும் மெழுகு கூரைவரை சிதறும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை நகர்த்தாமல் மூடியால் மூடுக. சமையல் சோடாவோ உலர்ந்த மணலோ கொட்டுக. சூடான மெழுகு கையில் பட்டால் அதைப் பிய்க்க முயலாமல் ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் காட்டி, மருத்துவரை நாடுக. சிறுவர்களை அருகில் விடலாகாது; தளர்ந்த நைலான் உடை அணிதல் ஆகாது.

செய்பவர்க்கு மட்டுமன்றிப் பயன்படுத்துவோர்க்கும் ஒரு சொல். பின்னலாடைக் கிடங்கிலும் தறிக்கூடத்திலும் பஞ்சுத் தூசி எங்கும் படிந்திருக்கும். மின்சாரம் நின்றால் ஆங்கு மெழுகுவர்த்தி ஏற்றுதல் பேரிடருக்கு அழைப்பு விடுப்பதாகும். மின்கல விளக்கே அவ்விடத்திற்கு உரியது. தாம் விற்கும் பொருள் எவ்விடத்துக்கு ஆகாது என்று சொல்பவரே நல்ல வணிகர்.

எஞ்சிய மெழுகையும் சாயத்தையும் சாக்கடையில் ஊற்றுதல் தகாது. மெழுகு உறைந்து குழாயை அடைக்கும். சாயத்தை நீரில் விட்டதன் விளைவை நொய்யலாற்று மக்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு 2011-இல் உயர் நீதிமன்றம் ஆணையிடும் அளவிற்கு அது சென்றதை நம் தலைமுறை கண்டது.

கணக்கும் வாழ்வும்

இயந்திரம் வாங்குமுன் எழுதுகோலை எடுத்திருந்தால் அப்பெண்மணியின் நகை பிழைத்திருக்கும். எடுத்துக்காட்டாக, 2 சென்டிமீட்டர் விட்டமும் 15 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மெழுகுவர்த்தியின் கன அளவு ஏறத்தாழ 47 கன சென்டிமீட்டர். பாரஃபினின் அடர்த்தி சுமார் 0.9 ஆதலின் எடை 42 கிராம். சேதாரம் நூற்றுக்கு ஐந்து என்று கொண்டால் ஒரு கிலோவுக்கு 22 மெழுகுவர்த்திகள் தேறும். கணக்கு அறியாதவரும், அச்சில் நீர் ஊற்றி அளந்து, அதில் பத்தில் ஒன்பது பங்கே மெழுகின் எடை என்று அறியலாம். அளந்தபின் அச்சை நன்கு உலர்த்துதல் வேண்டும்.

அக்கால இங்கிலாந்தில் 1860-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, மணிக்கு 120 கிரெயின், அதாவது ஏறத்தாழ 7.8 கிராம் வீதம் எரியும் திமிங்கிலக் கொழுப்பு மெழுகுவர்த்தியை ஒளியின் அளவுகோலாகக் கொண்டது. அவ்வளவையில் எரிந்தால் நம் 42 கிராம் மெழுகுவர்த்தி சுமார் ஐந்தரை மணி நேரம் ஒளி தரும். ஒளிச்செறிவின் இன்றைய பன்னாட்டு அலகாகிய கேண்டெலா என்பதற்கு இலத்தீன் மொழியில் மெழுகுவர்த்தி என்றே பொருள். சாதாரண மெழுகுவர்த்தி ஒன்றின் செறிவு ஏறத்தாழ ஒரு கேண்டெலாவே.

இனி உழைப்பு. பன்னிரு குழி அச்சு ஒன்றில் ஒரு சுற்றுக்கு 40 நிமிடம் ஆகுமெனில், ஆறு மணி நேரத்தில் 9 சுற்று, 108 மெழுகுவர்த்தி, ஏறத்தாழ 4.6 கிலோ மெழுகு. விளம்பரம் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் செய்யலாம் என்று கூறினால், எத்தனை அச்சு, எத்தனை கை, எத்தனை மணி என்று கேட்கவேண்டும். விலை நிர்ணயிக்கும்போது மெழுகு, திரி, எரிவாயு, அட்டைப்பெட்டி, போக்குவரத்து, சேதாரம் ஆகியவற்றோடு தம் உழைப்பின் கூலியையும் கூட்டுதல் வேண்டும். வீட்டுப் பெண்டிர் தம் கூலியை மட்டும் கணக்கில் எழுதுவதேயில்லை. இலாபம் என்று அவர் கருதுவது பெரும்பாலும் தமக்கே தாம் தராத கூலிதான். பாரஃபின் கச்சா எண்ணெயின் வழி வருவதாதலின் அதன் விலை நிலையாயிராது என்பதையும் கருதுக.

எல்லாவற்றினும் முதன்மையானது, யார் வாங்குவார் என்னும் வினா. திரும்ப வாங்குகிறோம் என்பவரிடம் எழுத்தில் ஒப்பந்தம் கேட்கவேண்டும். தரத்தின் அளவு என்ன, யார் முடிவு செய்வது, எத்தனை நாளில் பணம் என்பன அதில் இருத்தல் வேண்டும். முன்னர் இயந்திரம் வாங்கிய இருவரை நேரில் கண்டு பேசவேண்டும். இயந்திரத்தின் விலையிலேயே இலாபத்தை எடுத்துவிட்டவருக்கு, நம் மெழுகுவர்த்தி எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன?

மின்வெட்டுக் காலத்து வெண்ணிற மெழுகுவர்த்திக்கு முன்போன்ற தேவை இன்றில்லை. மின்கல விளக்குகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் தேவாலயங்களுக்கும், கார்த்திகைக்கும், திருமண மேடைக்கும், பரிசளிப்பிற்கும் வேண்டப்படும் அச்சு மெழுகுவர்த்திகள் உள்ளன. அகலிலும் கண்ணாடிக் குவளையிலும் வார்ப்பவை வெயிலுக்கும் வளையா. ஆலை மொத்தமாகச் செய்ய விரும்பாத சிறு எண்ணிக்கையும் தனி வடிவமுமே குடிசைத் தொழிலாளிக்கு எஞ்சிய இடம்.

நிறைவுரை

அப்பெண்மணி இழந்த பணம் திரும்பவில்லை. இயந்திரம் திண்ணையில் துணி போர்த்திக் கிடக்கிறது. ஆயினும் அவர் தொழிலை விடவில்லை. பன்னிரு குழி அச்சு ஒன்றும் சில அகல் வடிவங்களும் கொண்டு, கேட்டவர்க்குக் கேட்ட அளவே செய்து தருகிறார். செல்வர் ஆகிவிட்டார் என்று எழுதினால் அது பொய். அடகு வைத்த நகையில் பாதியை மீட்டுள்ளார் என்பதே மெய். தம் குழுவில் இன்னொரு பெண் இத்தகைய விளம்பரத்தை ஏந்தி வந்தபோது, ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்து, “முதல்ல இதை எடை போடுங்க, அப்பறம் பேசலாங்க” என்றாராம்.

மாணவச் செல்வங்கள் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. கல்லூரியில் நாம் கற்கும் வேதியியலும் கணக்கும் மொழியும் வெவ்வேறு கட்டடங்களில் இருக்கின்றன. ஏமாற்றப்பட்ட ஒருவர் ஒரு பையோடு வாயிலில் வந்து நிற்கும்போது மூன்றும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. உருகுநிலையைத் தமிழில் விளக்கவும், ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும், கிலோவுக்கு எத்தனை தேறும் என்று கணக்கிட்டுக் காட்டவும் வல்ல ஒரு பட்டதாரி ஒவ்வொரு தெருவிலும் இருப்பாராயின், இத்தகைய விளம்பரங்களுக்கு நம் ஊரில் இடமிராது. ஊர்ப் பெரியோர்களும் தொழில் தொடங்க விழைவோர்க்குப் பொருளுதவி செய்யும்போது, முதலில் ஒருவாரப் பயிற்சிக்கும் ஒரு சிறு அச்சிற்கும் உதவி, அவர்தம் கை தேறிய பின்னரே பெருமுதலுக்கு வழிகாட்டுதல் நலம் பயக்கும்.